கணினியில் பாலைவனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலைவனக் காட்சிகளைக் கணினியில் முப்பரிமாணமாகக் கட்டி, ரெண்டர் செய்யப் (அதாவது படமாக மாற்றப்) பழகுபவர்களின் படங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துத் திருத்தி வருகிறேன். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் தொகுப்பது நல்லது என்று தோன்றியது. எடுத்துக்காட்டுகள் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளை வைத்துச் சொல்லப்பட்டவை. வேறு மென்பொருளிலும் பெயர்கள்தான் மாறும். மாதிரியாக எடுத்துக்கொண்ட இடம் தார் பாலைவனம். ஜெய்சல்மேருக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சாம் மணல்மேடுகளில், ஒரு குளிர்காலத்தில் அளவுகோலும் கேமராவுமாகச் சில நாட்கள் இருந்தேன். அங்கே கண்டதும் அளந்ததும்தான் கீழே உள்ள பதில்கள் பலவற்றுக்கு அடிப்படை.

1. பாலைவனம் என்றால் மணல்தானே? ஒரு தளத்தை விரித்து நாய்ஸ் டெக்ஸ்சரைப் போட்டால் போதாதா?

போதாது. உலகப் பாலைவனங்களின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் மணல். மற்றதெல்லாம் பாறை, சரளை, வெடித்த களிமண், உப்புப் படுகை. சாம் போகும் வழியிலும் நெடுந்தொலைவுக்குக் கல்லும் புதருமான தட்டை நிலம்தான் கண்ணில் படுகிறது. மணல்மேடு அதன் பிறகே வருகிறது. படத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை மேடுகளையே அடுக்கினால் கண் நம்ப மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிய காரணம் வேறு. நாய்ஸ் என்பது தாறுமாறான ஏற்ற இறக்கங்களைத் தரும் கணினி வடிவம்; அதற்குத் திசை கிடையாது. மணல்மேட்டுக்குத் திசைதான் உயிர். உண்மையான மேட்டைப் பார்த்த மாத்திரத்தில் காற்று எங்கிருந்து அடித்தது என்று சொல்லிவிடலாம். நாய்ஸ் மேட்டை எத்தனை முறை சுற்றிவந்தாலும் சொல்ல முடியாது. ஆகவே மென்பொருளைத் திறந்ததும் காட்சியின் நடுவில் ஓர் அம்புக்குறியை வைத்துக் காற்றின் திசையைக் குறித்துவிடுங்கள். ரெண்டரில் தெரியாதபடி மறைத்துக்கொள்ளலாம். இனி வரும் பதில்களில் பாதி அந்த அம்பைப் பார்த்துத்தான் பேசுகின்றன.

2. எந்த மென்பொருளில் தொடங்குவது? என்னுடையது சாதாரணக் கணினி.

பிளெண்டரே போதும்; இலவசம். அதன் வேகமான ரெண்டர் முறையான ஈவீயில் வைத்துப் பார்த்து, இறுதிப் படத்தை மட்டும் ஒளிக்கதிர்களைக் கணக்கிடும் மெதுவான முறையான சைக்கிள்ஸில் எடுங்கள். கயா, வேர்ல்டு மெஷின், வேர்ல்டு கிரியேட்டர் ஆகியவை நில உருவங்களுக்கென்றே செய்யப்பட்டவை. டெராஜெனில் நிலமும் வானமும் சேர்ந்தே கிடைக்கின்றன. வணிகம் சாராத பயன்பாட்டுக்கு இலவசப் பதிப்பும் உண்டு. ஹூடினி எல்லாவற்றிலும் ஆழமானது, கற்கவும் அதிக நாள் பிடிப்பது. மணலின் வடிவம் மனத்தில் பதியாமல் மென்பொருளை மாற்றிக்கொண்டே போவதில் பயனில்லை.

3. அளவு எவ்வளவு வைக்க வேண்டும்? 2 மீட்டர் தளத்தில் செய்துவிட்டுப் பிறகு பெரிதாக்கக் கூடாதா?

கூடாது. பிளெண்டரில் ஓர் அலகை 1 மீட்டர் என்று வைத்து, மேட்டை உண்மை அளவிலேயே கட்டுங்கள். வானத்தின் தூசி, தொலைவின் மங்கல், கேமராவின் குவியத் தெளிவு எல்லாம் மீட்டரில்தான் கணக்கிடப்படுகின்றன. 2 மீட்டர் தளத்தில் எடுத்த படம் மேசைமேல் கொட்டிய மணல் போலத்தான் தெரியும்.

கேமராவை 1.6 மீட்டர் உயரத்தில், நிற்பவரின் கண் மட்டத்தில் வையுங்கள். தொலைவில் உள்ள மேடு பாதியில் வெட்டுப்பட்டது போல் தெரிந்தால் கேமரா எவ்வளவு தொலைவு வரை பார்க்கும் என்பதைக் குறிக்கும் ‘கிளிப் எண்டு’ மதிப்பைக் கூட்டுங்கள். இதற்காக ஒரு நாள் முழுவதும் மெஷ்ஷில் (வடிவத்தைப் புள்ளிகளால் பின்னிய வலையில்) பிழை தேடியவர்கள் உண்டு. ஓர் ஆளையோ ஒட்டகத்தையோ எளிய பொம்மை வடிவமாக நிறுத்திக்கொள்வதும் நல்லது; மணலில் அளவு காட்ட வேறு எதுவும் இல்லை.

4. என் மணல்மேடு கடல் அலை போல, இல்லாவிட்டால் பிசைந்த மாவு போல இருக்கிறது. எங்கே தவறு?

இரண்டு பக்கமும் ஒரே சாய்வாக இருப்பதுதான் தவறு. காற்று மணலை ஒரு பக்கமாக உருட்டி ஏற்றுகிறது. அந்தப் பக்கம் 10 முதல் 15 பாகை வரை மெல்லச் சாய்ந்திருக்கும். உச்சியைத் தாண்டிய மணல் மறுபக்கம் குவிந்து, தாங்க முடியாத நிலையில் சரிகிறது. உலர்ந்த மணல் நிற்கக்கூடிய எல்லை 32 முதல் 34 பாகை. முதல் பக்கத்தை ஏறுமுகம் என்றும் இரண்டாவதைச் சரிமுகம் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். இரண்டும் சந்திக்கும் முகடு கத்தி விளிம்பு போல் கூர்மையாக இருக்கும். மென்பொருளின் வழவழப்பு வடிகட்டி அந்த விளிம்பை உருட்டிவிட்டால் மாவு வந்துவிட்டது என்று பொருள்.

கணக்காகப் பாருங்கள். 10 மீட்டர் உயரமுள்ள மேட்டின் ஏறுமுகம் 12 பாகை என்றால் அதன் அடி ஏறத்தாழ 47 மீட்டர் நீளும். 33 பாகைச் சரிமுகத்துக்கு 15 மீட்டர் போதும். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. பக்கவாட்டில் கேமராவை வைத்து இந்த விகிதம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். நிறம், ஒளி எல்லாம் பிறகு.

செய்முறையில் எனக்குப் பிடித்தது இது: நாய்ஸைக் காற்றுக்குக் குறுக்காக நீட்டி, மென்மையான மேடுகளை எழுப்புங்கள். பின்பு உயரம் கூடக் கூட, அந்தப் புள்ளியைக் காற்று போகும் திசையில் சற்றுத் தள்ளுங்கள். மேடு ஒருபக்கம் சாய்ந்துகொள்ளும். கடைசியாக, அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள உயர வேறுபாடு அவற்றின் இடைவெளியில் 0.65 மடங்கைத் தாண்டினால், மிகுதியைக் கீழே உள்ள புள்ளிக்கு மாற்றுங்கள். 33 பாகையின் டேஞ்சன்ட் மதிப்புதான் அந்த 0.65. இதைச் சில நூறு முறை திரும்பச் செய்தால் சரிமுகம் தானாக உருவாகிறது. பிளெண்டரில் விதிகளால் வடிவம் அமைக்கும் ஜியோமெட்ரி நோட்ஸின் சிமுலேஷன் பகுதியில் இதை எழுதலாம். நில உருவங்களைச் செய்யும் ஆன்ட் லேண்ட்ஸ்கேப் நீட்சியில் உள்ள அரிப்புக் கருவியும் இதே வேலையைச் செய்கிறது.

5. பிறை, நட்சத்திரம், நீள்வரப்பு என்று பல வடிவங்களைப் படங்களில் பார்க்கிறேன். எல்லாவற்றையும் ஒரே காட்சியில் கலக்கலாமா?

வேண்டாம். எந்த வடிவம் வரும் என்பதைக் காற்றும் மணலின் அளவுமே தீர்மானிக்கின்றன. ஒரே திசைக் காற்று, கெட்டியான தரை, குறைவான மணல் என்றால் தனித்தனிப் பிறைமேடுகள். மணல் நிறைய இருந்தால் பிறைகள் கைகோத்துக் காற்றுக்குக் குறுக்கான வரப்புகளாகின்றன. இரண்டு திசைக் காற்று மாறி மாறி அடித்தால் நீள்வரப்புகள். பல திசைகளிலிருந்தும் அடித்தால் நட்சத்திர மேடுகள். சீனாவின் பதைன் ஜாரன் பாலைவனத்திலும் நமீபியாவின் சோசஸ்வ்லேய் பகுதியிலும் இவை 300 மீட்டரையும் தாண்டி உயர்கின்றன.

தாரில் அதிகம் காண்பது இன்னொரு வகை, பரவளைய மேடு. இங்கே செடிகொடிகள் மேட்டின் இரு கரங்களையும் பிடித்துக்கொள்ள, நடுப்பகுதி மட்டும் காற்றோடு முன்னேறுகிறது.

6. பிறையின் கொம்புகள் காற்று வரும் பக்கமா, போகும் பக்கமா?

பிறைமேட்டில் கொம்புகள் காற்று போகும் பக்கம் நீளும். ஓரங்களில் மணல் குறைவு, அதனால் அவை நடுவைவிட வேகமாக நகர்கின்றன. பரவளைய மேட்டில் நேர் எதிர்: முன் பதிலில் சொன்னபடி செடிகள் கரங்களைப் பிடித்துவைப்பதால் அவை காற்று வரும் பக்கமாகப் பின்தங்கி நிற்கும். ஆகவே மொட்டையான பிறைமேட்டில் புதர்களை நட்டுவைப்பதும், பரவளைய மேட்டை மொட்டையாக விடுவதும் பொருந்தாது.

7. ஹைட்மேப்பை ஏற்றினால் மேட்டில் படிக்கட்டுகள் தெரிகின்றன. ஏன்?

ஹைட்மேப் என்பது உயரத்தைக் கருப்பு வெள்ளைச் சாயல்களாகப் பதிந்த படம். உங்களுடையது 8 பிட் கோப்பு. அதில் 256 உயர நிலைகள்தான் உண்டு. 100 மீட்டர் மேட்டை அதில் அடைத்தால் ஒவ்வொரு படியும் 39 சென்டிமீட்டர். 16 பிட் கோப்பில் 65,536 நிலைகள், படி 1.5 மில்லிமீட்டருக்கு வந்துவிடும். 16 பிட் பிஎன்ஜி, டிஃப் அல்லது இஎக்ஸ்ஆர் வடிவில் சேமியுங்கள். ஏற்றும்போது நிறவெளியை ‘நான்-கலர்’ என்று மாற்ற மறக்காதீர்கள். மறந்தால் சாய்வுகள் எல்லாம் வளைந்துவிடும்.

8. செயற்கைக்கோள் உயரத் தரவை இறக்கினால் உண்மையான தார் அப்படியே கிடைத்துவிடுமே?

தொலைவுக் காட்சிக்கு மட்டும். பலரும் இறக்கும் தரவு, 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடம் 11 நாட்கள் சுற்றி ரேடாரால் அளந்தது. அதில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே ஏறத்தாழ 30 மீட்டர். நான்காவது பதிலில் கணக்கிட்ட 10 மீட்டர் மேட்டின் சரிமுகம் முழுவதும் 15 மீட்டர்தான். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே காணாமல் போய்விடும். அடிவானத்து மேடுகளின் அடுக்குக்கும், எந்த வகை மேடு எந்த இடைவெளியில் வருகிறது என்று படித்துக்கொள்வதற்கும் அந்தத் தரவு மிக நல்லது. முன்னால் நிற்கும் மேட்டை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

9. மணலின் மேல் ஓடும் அந்தச் சிறு வரிகளை எப்படிக் கொண்டுவருவது? வேவ் டெக்ஸ்சர் போட்டால் தகரக் கூரை போல் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. படத்தை உயிர்ப்பிப்பதும் கொல்வதும் இந்த வரிகள்தான். சாமில் ஒரு விடியற்காலை, சூரியன் எழும் முன் மணலில் குப்புறப் படுத்து அளவுகோலை வைத்துப் பார்த்தேன். முகட்டுக்கு முகடு 8 முதல் 11 சென்டிமீட்டர். உயரம் 1 சென்டிமீட்டருக்கும் குறைவு. பெரும்பாலும் 5, 6 மில்லிமீட்டர். வரிகளின் உச்சியில் சற்றுப் பெரிய மணல் துகள்கள் சேர்ந்து, பள்ளத்தில் நுண்மணல் தங்கியிருந்தது. இதனால் நிறமும் வரிவரியாக மாறுகிறது. சூரியன் எழுந்து முதல் கதிர் மணலைத் தடவியபோது, அதுவரை கண்ணுக்குத் தெரியாத நூற்றுக்கணக்கான வரிகள் ஒரே நொடியில் எழுந்து நின்றன. ஒன்பது மணிக்கெல்லாம் அவற்றில் பாதி மறைந்துவிட்டன. மணல் அசையவில்லை; வெயில் மேலே ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

தகரக் கூரை தெரிவதற்குக் காரணம், உங்கள் வரிகள் முடிவதே இல்லை. உண்மையான வரி ஒரு மீட்டரோ இரண்டு மீட்டரோ ஓடி முடிகிறது, அல்லது இரண்டாகப் பிரிந்து கவட்டை போல் பக்கத்து வரியோடு சேர்கிறது. இதைக் கொண்டுவர, வேவ் டெக்ஸ்சருக்குப் போகும் ஆயத்தொலைவுகளை முதலில் ஒரு பெரிய நாய்ஸால் லேசாகவும், பிறகு சிறிய நாய்ஸால் இன்னும் லேசாகவும் கலையுங்கள். அலையின் வடிவத்தையும் சமச்சீராக விடாதீர்கள்; மேட்டைப் போலவே வரிக்கும் ஏறுமுகம், சரிமுகம் உண்டு.

இன்னொன்று, வரிகளை எங்கும் ஒரே அழுத்தத்தில் பூசாதீர்கள். ஏறுமுகத்தில் நன்றாகத் தெரியட்டும், முகடு நெருங்கும்போது மங்கட்டும். சரிமுகத்தில் பொதுவாக வரி இராது. அங்கே மணல் சரிந்த தடம் நாக்கு நாக்காக இறங்கியிருக்கும். சாய்வை அளந்து, 25 பாகைக்கு மேல் வரிகளை அணைத்துவிடும் ஒரு முகமூடியை அமைத்தால் இந்த வேலை தானாக நடந்துவிடும்.

10. மேட்டின் திசையும் வரிகளின் திசையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமா?

பெரும்பாலும் ஆம், ஆனால் கட்டாயமில்லை. வரி சில நிமிடங்களில் உருவாகிவிடும்; மேடு உருவாக ஆண்டுகள் ஆகும். தாரில் மேடுகளை நகர்த்துவது கோடையின் தென்மேற்குக் காற்று. குளிர்காலத்தில் வேறு திசையிலிருந்து ஒரு நாள் காற்று அடித்தால் மேடு அசையாது, வரிகள் மட்டும் திரும்பிக்கொள்ளும். எனவே முதல் பதிலில் சொன்ன அம்போடு இன்னோர் அம்பையும் வைத்துக்கொள்ளலாம்: ஒன்று ஆண்டின் காற்று, மற்றது நேற்றைய காற்று. மேட்டின் வளைவில் காற்று ஒதுங்கிப் போவதால், வரிகளும் மேட்டைச் சுற்றி வளைய வேண்டும். நேர்கோட்டில் ஏறி இறங்கினால் துணியில் அச்சிட்ட கோடு போலிருக்கும்.

11. வரிகளுக்குப் பம்ப் போதுமா, டிஸ்பிளேஸ்மென்ட்தான் வேண்டுமா? டிஸ்பிளேஸ்மென்ட் இணைத்தும் ஒன்றும் நகரவில்லை.

பம்ப் மேடுபள்ளத்தை ஒளி நிழலால் மட்டும் காட்டுகிறது; டிஸ்பிளேஸ்மென்ட் பரப்பையே நகர்த்துகிறது. நகராததற்குக் காரணம் மெட்டீரியல் அமைப்பில் இருக்கும். அங்கே ‘பம்ப் ஒன்லி’ என்று இருப்பதை ‘டிஸ்பிளேஸ்மென்ட் அண்ட் பம்ப்’ என மாற்ற வேண்டும். என்னிடம் இந்தக் கேள்வியோடு வந்த பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இதுதான் தீர்வாக இருந்தது.

கேமராவிலிருந்து முதல் 10, 15 மீட்டருக்கு டிஸ்பிளேஸ்மென்ட். அதற்கு அப்பால் பம்ப் போதும். எல்லா இடத்துக்கும் உண்மையான வரிகள் வேண்டுமென்றால், 100 மீட்டர் சதுரத்தை 1 சென்டிமீட்டர் நுணுக்கத்தில் நிரப்ப 10 கோடிப் புள்ளிகள் தேவை. அடாப்டிவ் சப்டிவிஷன் இதற்காகவே உள்ளது. கேமராவுக்கு அருகில் மெஷ்ஷை நுணுக்கமாகவும் தொலைவில் பருமனாகவும் பிரிக்கிறது. பல ஆண்டுகள் ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்ற தெரிவை இட்டால்தான் அது கண்ணில் படும் என்றிருந்தது; பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் அங்கே தேடுங்கள்.

12. ஒவ்வொரு மணல் துகளையும் தனித்தனியாக வைத்தால் இன்னும் உண்மையாக இருக்காதா?

கால் மில்லிமீட்டர் துகள் என்று வையுங்கள். 1 சதுர மீட்டரில் ஒரே ஓர் அடுக்குக்கு 1 கோடியே 60 லட்சம் துகள்கள் ஆகும். உள்ளங்கை மணலை மிக அருகில் காட்டும் படத்துக்குச் செய்யலாம். நிலக்காட்சிக்கு வேண்டாம். அங்கங்கே சிறு கூழாங்கல், நத்தை ஓடு, உலர்ந்த ஆட்டுப் புழுக்கை, சுள்ளி ஆகியவற்றைத் தூவுவது இதைவிட நூறு மடங்கு பலன் தரும்.

13. மணலுக்கு என்ன நிறம் கொடுப்பது? ஆரஞ்சு வைத்தால் அழகாக இருக்கிறது, ஆனால் பொம்மை போல் இருக்கிறது.

நீங்கள் பார்த்து நிறமெடுத்த புகைப்படம் அந்தி வேளையில் எடுக்கப்பட்டதாக இருக்கும். அந்த ஆரஞ்சில் பாதி சூரியனுடையது. அதை மணலின் அடிப்படை நிறமாக வைத்து, அதன்மேல் மீண்டும் அந்தி ஒளியைப் பாய்ச்சினால் நிறம் இரண்டு முறை ஏறிவிடுகிறது. தாரின் மணல் உண்மையில் வெளிர்ந்த பழுப்பு மஞ்சள். நான் சிவப்புக்கு 0.45, பச்சைக்கு 0.33, நீலத்துக்கு 0.21 என்று தொடங்குவேன். உலர்ந்த மணல் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. நனைந்தால் இது வெகுவாகக் குறையும். இந்த எல்லைக்குள் இருந்தால் நிழல்களும் தானாகச் சரியாகும்.

எல்லா இடத்து மணலும் ஒன்றல்ல. நமீப் மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருக்கிறது. கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போகப் போகச் சிவப்பு கூடுகிறது. நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் ஜிப்சத்தால் ஆனது, கண்ணைப் பறிக்கும் வெள்ளை.

14. தூத்துக்குடித் தேரிக்காட்டில் படமெடுத்து டெக்ஸ்சராகப் பயன்படுத்தலாமா? ஜெய்சல்மேர் வரை போக வசதியில்லை.

தாராளமாக. குதிரைமொழித் தேரியின் செம்மணலும் இரும்பு ஆக்சைடு பூசிய மணல்தான். நமீப் போன்ற சிவப்புப் பாலைவனத்துக்கு அது நல்ல பாடம். காற்று வரிகளையும், செடியின் பின்னால் மணல் சேர்வதையும், காலடி பதிந்து சரிவதையும் அங்கேயே கண்ணால் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு வடமராட்சியின் மணற்காடு இருக்கிறது. தேரி மழை பெறும் பகுதி, பனையும் முந்திரியும் வளரும் இடம் என்பதை மட்டும் மறக்காதீர்கள்; வடிவத்தையும் துகளையும் எடுத்துக்கொள்ளுங்கள், செடிகளை அப்படியே பாலைவனத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். படத்தை மேகமூட்டமான நாளில் எடுங்கள். வெயிலில் எடுத்தால் நிழலும் நிறத்தோடு ஒட்டிக்கொண்டு வரும்.

15. நிறம் சரியாக வைத்தும் மணல் பிளாஸ்டிக் போல மின்னுகிறது.

ஸ்பெக்குலரை, அதாவது பளபளப்பை, ஏறக்குறைய அணைத்துவிடுங்கள். ஒளியைச் சிதறடிக்கும் டிஃப்யூஸ் ஷேடரின் ரஃப்னஸ் (சொரசொரப்பு) மதிப்பைக் கூட்டுங்கள். அதன் பின்னால் இயங்குவது ஓரன்-நாயர் என்ற ஒளிக் கணக்கு. முழுநிலாவைப் பாருங்கள்: உருண்டையாக இருந்தும் ஓரம் வரை ஏறத்தாழ ஒரே பிரகாசத்தில் தட்டுப் போலத் தெரிகிறது. சொரசொரப்பான தூளின் இயல்பு அது. மணலும் அப்படித்தான் ஒளிர வேண்டும்.

துகள்களில் ஒன்றிரண்டு கண் சிமிட்டுவது உண்மை. குவார்ட்ஸ் துகளின் தட்டையான முகம் சூரியனைக் காட்டும் கணம் அது. பரப்பைச் சிறு அறைகளாகப் பிரிக்கும் மிக நுண்ணிய வொரோனாய் டெக்ஸ்சரால் ஆயிரத்தில் ஒரு புள்ளிக்கு மட்டும் பளபளப்பைக் கொடுங்கள். கேமராவிலிருந்து சில மீட்டருக்குள் மட்டுமே போதும்.

16. சூரியனை எங்கே வைப்பது? நிழல்கள் கருப்பாக அடைத்துக்கொள்கின்றன.

உயரம் 10 முதல் 20 பாகைக்குள், அம்புக்குக் குறுக்காகவோ சரிமுகம் நிழலில் விழும்படியோ வையுங்கள். ஒன்பதாவது பதிலில் சொன்ன வரிகள் இந்த ஒளியில்தான் எழுந்து நிற்கும். தாரில் சரிமுகங்கள் வடகிழக்கு நோக்கியவை. குளிர்கால மாலையில் சூரியன் தென்மேற்கில் இறங்கும்போது அவை நிழலில் மூழ்கும், காலையில் வெளிச்சம் பெறும். உச்சி வெயில் காட்சி வேண்டுமானால் பருவத்தைப் பாருங்கள். ஜெய்சல்மேரில் ஜூன் நடுப்பகலில் சூரியன் ஏறத்தாழ 86 பாகை உயரத்தில். டிசம்பரில் 40 பாகைதான். சூரியனின் கோண அகலம் 0.53 பாகை. அதைப் பெரிதாக்கினால் முகட்டின் நிழல் விளிம்பு கரைந்துவிடும்.

பாலைவனத்தில் கருநிழல் கிடையாது. வானத்தின் நீலமும், எதிர்ச் சாய்வில் பட்டுத் திரும்பும் மணலின் மஞ்சளும் நிழலுக்குள் நிறைகின்றன. வான ஒளியைத் தரும் ஸ்கை டெக்ஸ்சரைச் சேர்த்து, ஒளி எத்தனை முறை பட்டுத் திரும்பலாம் என்பதைக் குறிக்கும் டிஃப்யூஸ் பவுன்ஸ் எண்ணிக்கையை 4-க்குக் கீழே குறைக்காதீர்கள். படம் வெளுத்துப் போனால் சூரியனைக் குறைக்காமல் எக்ஸ்போஷரைக் குறையுங்கள். பிளெண்டரில் உள்ள ஏஜிஎக்ஸ் வண்ணமாற்றம் மிகுபிரகாசத்தை நன்றாகத் தாங்குகிறது.

17. தொலைவில் உள்ள மேடுகளும் பக்கத்தில் இருப்பவை போலவே தெளிவாக இருக்கின்றன. பனிமூட்டம் போடலாமா?

போடலாம், நிறம் கவனம். மலைநாட்டில் தொலைவு நீலமாகும். தாரின் கோடையில் காற்றில் தூசி நிறைந்திருப்பதால் தொலைவு வெளிர் பழுப்பாக மங்கி, அடிவானத்து வானத்தோடு கலந்துவிடும். முழுக்காட்சிக்கும் வால்யூம் (காற்றை நிறைக்கும் மூட்டம்) போட்டால் ரெண்டர் நேரமும் இரைச்சலும் கூடும். தொலைவைச் சாம்பல் சாயல்களாகத் தரும் ‘மிஸ்ட்’ பாஸை எடுத்து, ரெண்டருக்குப் பின் படங்களைச் சேர்க்கும் கம்போசிட்டிங்கில் கலப்பது எளிது. ஸ்கை டெக்ஸ்சரின் தூசி மதிப்பையும் அதற்கேற்பக் கூட்டுங்கள். நிலம் தூசியாகவும் வானம் கழுவியது போலவும் இருந்தால் ஒட்டாது.

18. கானல் நீர் வரவில்லையே? சைக்கிள்ஸ் இயற்பியல்படிதானே கணக்கிடுகிறது?

சைக்கிள்ஸில் கதிர் காற்றுக்குள் நேர்கோட்டில்தான் போகும். கானல் நீரோ, தரையை ஒட்டிய சூடான காற்றில் கதிர் மேல்நோக்கி வளைவதால் வருவது. வானத்தின் துண்டு தரையில் கிடப்பது போலத் தெரிகிறது. எனவே கையால்தான் செய்ய வேண்டும். தரையை மிகவும் கிடையாகப் பார்க்கும்போது மட்டுமே அது தோன்றும். பார்வை அரைப் பாகைக்குள் சாய்ந்திருக்க வேண்டும் என்று வைத்தால், நிற்பவரின் கண்ணுக்கு ஏறத்தாழ 180 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும். மேடுகளில் வராது, தட்டை நிலத்தில்தான். அந்தத் தொலைவில் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய பட்டையைப் படுக்கவைத்து, அதன் ஓரங்களை நாய்ஸால் கலைத்துவிடுங்கள். அசைபடமாக இருந்தால் கம்போசிட்டிங்கில் டிஸ்பிளேஸ் நோடு கொண்டு அந்தப் பட்டையை மட்டும் நெளியவிடுங்கள்.

19. செடிகள் வைக்கலாமா? கள்ளிச்செடி நன்றாக இருக்குமே.

எந்தப் பாலைவனம் என்பதைப் பொறுத்தது. கைவிரித்து நிற்கும் அந்த உயரமான சவாரோ கள்ளி, வட அமெரிக்காவின் சொனோரா பாலைவனத்துக்கு மட்டுமே உரியது. அதைத் தாரிலோ சகாராவிலோ நட்டால் படம் பொய்யாகிவிடும். தாரின் மரம் கேஜ்ரி. நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னிதான் அது. எருக்கின் ஓர் இனம் அங்கே எங்கும் காணப்படுகிறது; சீமைக் கருவேலமும் பரவிக்கிடக்கிறது. மூன்றுக்கும் மாதிரிப் படங்களை நம் ஊர்ப் பக்கமே எடுத்துவிடலாம்.

நீருக்காக வேர்கள் போட்டியிடுவதால் செடிகள் ஒன்றையொன்று விலகி நிற்கும். புள்ளிகளைத் தூவும்போது ‘பாய்சான் டிஸ்க்’ முறையைத் தேர்ந்தெடுத்துக் குறைந்தபட்ச இடைவெளி கொடுங்கள். மேடுகளுக்கு இடைப்பட்ட தாழ்வில் அடர்த்தியைக் கூட்டுங்கள். ஒவ்வொரு செடிக்குப் பின்னாலும், அம்பு காட்டும் பக்கம், வால் போல ஒரு சிறு மணல் குவியல் நீள வேண்டும். இது இல்லாத செடி இப்போதுதான் நட்டுவைத்தது போலிருக்கும்.

20. காலடித் தடம் வைத்தால் சேற்றில் மிதித்தது போல் வருகிறது.

உலர்ந்த மணலில் செங்குத்துச் சுவர் நிற்காது. நான்காவது பதிலின் 33 பாகை விதி தடத்துக்கும் பொருந்தும்: ஓரம் உள்ளே சரிந்து, ஆழமற்ற புனல் போல ஆகிவிடும். ஒரு பொருள் பட்ட இடத்தைப் பதிவுசெய்யும் டைனமிக் பெயின்டால் தடம் பதித்த பிறகு, அதே சரிவுக் கணக்கை அந்த இடத்தில் சில முறை ஓட்டுங்கள். ஒட்டகத்தின் பாதம் அகன்ற மெத்தை. அதனால் தடம் மேலோட்டமாக, வட்டமாக இருக்கும். தாரின் ஒட்டகத்துக்குத் திமில் ஒன்றுதான். இரண்டு திமில் கொண்டது கோபி பாலைவனத்தினுடையது.

21. அசைபடத்தில் மணல் பறப்பதை எப்படிக் காட்டுவது? புகை போல மேலே எழும்புகிறது.

தூசியையும் மணலையும் பிரித்துப் பாருங்கள். தூசிதான் மேலெழும்பி மிதக்கும். மணல் துகள் தத்தித் தத்திப் போகும்: எழும்பி, வளைந்து, விழுந்து, விழுந்த இடத்தில் இன்னொன்றைத் தட்டி எழுப்பும். 1930-களில் லிபியப் பாலைவனத்தில் அலைந்த பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ரால்ஃப் பாக்னால்ட் இதை ஆராய்ந்து விளக்கினார். பெரும்பாலான துகள்கள் முழங்கால் உயரத்தைத் தாண்டுவதில்லை. ஆகவே தரையோடு ஒட்டி ஓடும் மெல்லிய திரையாகத் துகள்களை விடுங்கள். முகட்டில் மட்டும் அது விளிம்பைத் தாண்டிக் கொடி போல் நீண்டு சரிமுகத்தில் விழட்டும். மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் குறைந்த காற்று என்றால் மணல் அசையவே வேண்டாம்.

22. வடிவத்தைக் கையால் கட்டாமல், காற்றே கட்டும்படி நிரல் எழுத முடியுமா?

முடியும், நினைப்பதைவிட எளிது. 1995-இல் பி. டி. வெர்னர் வெளியிட்ட முறையைப் பின்பற்றுங்கள். நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மணல் பலகைகளை அடுக்குங்கள். குத்துமதிப்பாக ஒரு பலகையை எடுத்து அம்பின் திசையில் சில கட்டங்கள் தள்ளி வையுங்கள். விழுந்த இடத்தில் மணல் இருந்தால் அது தங்கும் வாய்ப்பு 0.6, வெறுந்தரை என்றால் 0.4, தங்காவிட்டால் மீண்டும் தாவும். மேட்டுக்குப் பின்னால் 15 பாகைக்குள் அடங்கும் காற்று மறைவில் விழுந்தால் கட்டாயம் தங்கும். ஒவ்வொரு முறையும் சரிவுக் கணக்கை ஓட்டுங்கள். இவ்வளவுதான் விதி.

தட்டையான நிலத்தில் தொடங்கி இதைப் பல்லாயிரம் சுற்றுகள் ஓட்டினால், யாரும் வரையாமலே முகடுகள் எழும்பி, நகர்ந்து, ஒன்றோடொன்று சேரும். மணலைக் குறைத்தால் பிறைகள் வரும். பைத்தானில் எழுதிய சில பத்து வரிகளிலிருந்து முதல் பிறை எழுந்த இரவை நான் மறக்கவில்லை. கொம்புகள் ஆறாவது பதிலில் சொன்ன பக்கமே நீண்டிருந்தன.

23. செவ்வாய்க் கோளின் பாலைவனம் செய்ய வேண்டும். பூமிக் காட்சியில் நிறத்தை மட்டும் மாற்றினால் போதுமா?

சரிமுகத்தின் சாய்வை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றை மாற்ற வேண்டும். மேடுகளின் மணல் சிவப்பல்ல. கருமையான எரிமலைப் பாறைத் துகள், அதன்மேல் அங்கங்கே செந்தூசி. 2015 இறுதியில் கியூரியாசிட்டி ஊர்தி சென்றடைந்த மேடுகளுக்கு மேற்சொன்ன பாக்னால்டின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அங்கே சிறு வரிகளோடு, முகட்டுக்கு முகடு சில மீட்டர் இடைவெளியுள்ள பெரிய வரிகளும் இருந்தன. பூமியின் மணல்மேட்டில் பழகிய கண்ணுக்கு இது புதிது. ஆகவே ஒன்பதாவது பதிலின் வரிகளுக்கு மேல் இந்த இரண்டாம் அடுக்கையும் சேருங்கள்.

சூரியனின் கோண அகலத்தை 0.35 பாகையாகக் குறையுங்கள். ஒளியும் பூமியில் கிடைப்பதில் பாதிக்கும் குறைவு. பகல் வானம் மங்கிய பழுப்பு மஞ்சள். அந்தியில் சூரியனைச் சுற்றி மட்டும் நீலம் படரும். பூமியின் காற்றுக்காக எழுதப்பட்ட ஸ்கை டெக்ஸ்சர் இதைத் தராது. நிறச் சாய்வைக் கொண்டு வானத்தை நீங்களே தீட்டிக்கொள்ளுங்கள்.